‘பார்க்கணும்னு வெச்சிருக்கேன்’: பழைய நல்ல படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் பானசவாடியில் எங்கள் வீட்டு ஹாலில் மாதம் ஒரு படம் போடுகிறோம். கடைசி சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணி. ஆறு வருஷமாக நடக்கிறது. முதல் வருஷம் அப்பாவின் எட்டு முழ வேட்டிதான் திரை. பிறகு ஒரு சுவருக்கு வெள்ளையடித்துவிட்டோம். வருகிறவர்கள் பெரும்பாலும் அல்சூர், மர்பி டவுன், கம்மனஹள்ளி, ராமமூர்த்தி நகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். மேல்மாடிக் கன்னடக்காரத் தம்பதியும் தவறாமல் வருவார்கள். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் எழுதி வந்தேன். இப்போது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

பார்க்கணும் பார்க்கணும் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏன் உட்காரவே முடியவில்லை?

சோம்பேறித்தனம் என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். எந்த நேரத்தில் பார்க்க நினைக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒயிட்ஃபீல்டிலிருந்து டின் ஃபேக்டரி நெரிசலைக் கடந்து வீடு சேரும்போது ஒன்பது மணி. சாப்பிட்டு, பிள்ளையின் நோட்டைப் பார்த்து, பாத்திரம் ஒதுக்கி முடிக்கப் பத்தரை. அந்த நேரத்தில் ‘உலகத்தின் தலைசிறந்த படங்களில் ஒன்று’ என்று யாராவது சொன்னால் உடம்பே வேண்டாம் என்னும். பத்து நிமிஷம் வடிவேலு பார்த்துவிட்டுத் தூங்குவதுதான் அப்போதைக்குச் சரி. நாள் முழுக்க உழைத்து மிச்சப்பட்ட அரை மணி நேரத்தில் திணிக்கிற பொருள் இல்லை இந்தப் படங்கள். விடுமுறை நாளில், வெளிச்சம் இருக்கும்போதே நேரம் ஒதுக்குங்கள். பாதிப் பிரச்சினை அதோடு தீரும்.

மீதிப் பாதி, படத்தின் பெயர் மீது நாம் ஏற்றி வைத்திருக்கும் கனம். சத்யஜித் ராயின் வங்காளப் படமான ‘பதேர் பாஞ்சாலி’யை நான் பதினொரு வருஷம் தள்ளிப்போட்டேன். வறுமை, சாவு, அழுகை என்று கேள்விப்பட்டது எல்லாமே பயமுறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தைரியமாகப் போட்டேன். மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வாத்தியாரைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தேன். மிட்டாய்க்காரர் காவடி போலத் தோளில் சுமையோடு முன்னால் போக, அக்காவும் தம்பியும் பின்னால் போக, அவர்களுக்குப் பின்னால் ஒரு நாயும் போகிறது. குளத்துத் தண்ணீரில் அத்தனை பேரும் தலைகீழாக நடக்கிறார்கள். ரவிசங்கரின் இசை கூடவே துள்ளிக்கொண்டு வருகிறது. 1955-இல் வந்த அந்தப் படத்தில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் வேட்டியைக் கட்டி ஊரைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

சரி, எதில் தொடங்குவது?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ‘பேசும் படம்’. 1987-இல் சிங்கீதம் சீனிவாச ராவ் எடுத்தது. கமல்ஹாசன், அமலா. படம் முழுக்க ஒரு வசனம் கிடையாது. சத்தங்கள் உண்டு, இசை உண்டு, பேச்சு மட்டும் இல்லை. எடுத்தது பெங்களூரில். நட்சத்திர ஓட்டலாக வருவது இங்கே இருக்கும் வின்ட்ஸர் மேனர். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று வீட்டில் எந்த மொழிக்காரர் இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வரும். பழைய படம் என்றால் கஷ்டப்பட வேண்டும் என்ற எண்ணத்தை இரண்டு மணி நேரத்தில் கழற்றி வைத்துவிடும்.

அடுத்து ‘காதலிக்க நேரமில்லை’ (1964). நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் போனில் இருபது தடவை பார்த்திருப்பீர்கள். முழுப்படத்தில் அது எங்கே வந்து உட்காருகிறது என்று பார்த்தவர்கள் குறைவு. அதற்கப்புறம் ‘முள்ளும் மலரும்’ (1978). மகேந்திரன் இயக்கிய முதல் படம், பாலு மகேந்திராவின் கேமரா, இளையராஜா. இதே பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்த ரஜினிகாந்த், மலையில் ஆட்களை ஏற்றி இறக்கும் விஞ்ச் ஓட்டும் காளியாக வருகிறார். ஸ்டைலை ஒதுக்கி வைத்து, ரோஷமும் தங்கைப் பாசமும் உள்ள ஒரு முரட்டு மனுஷனாக மட்டும் தெரிகிறார். இந்த மூன்றும் முடிந்தால் உங்களுக்கே அடுத்து என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். நூறு படப் பட்டியலை மட்டும் கையில் எடுக்காதீர்கள். பட்டியல் நீளும், படம் நகராது.

பழைய தமிழ்ப் படத்தில் எல்லோரும் கத்திப் பேசுகிறார்களே, நாடகம் மாதிரி?

நாடகம் மாதிரி இருப்பது உண்மைதான். அந்த நடிகர்களில் பலர் சிறு வயதிலேயே பாய்ஸ் கம்பெனிகளில், அதாவது சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட குழுக்களில், சேர்ந்து வளர்ந்தவர்கள். கடைசி வரிசையில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் எட்ட வேண்டும் என்று பழகிய தொண்டை அது. 1952 தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியை அந்தக் காதோடு கேளுங்கள். சிவாஜி கணேசனுக்கு முதல் படம், வசனம் மு. கருணாநிதி. வாக்கியம் எங்கே ஏறுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று கவனியுங்கள். பாட்டு கேட்பது போல அதைக் கேட்க வேண்டும்.

அப்படியும் ஒட்டவில்லை என்றால் அதே சிவாஜியை இரண்டே வருஷம் கழித்து வந்த ‘அந்த நாள்’ படத்தில் பாருங்கள். வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கம், ஏவி.எம். தயாரிப்பு, 1954. ஒரு பாட்டுகூட இல்லாமல் வந்த முதல் தமிழ்ப்படம். ஆரம்பத்திலேயே நாயகன் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறான். யார் சுட்டது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். வீட்டில் இதைப் போட்டபோது பொறியியல் படிக்கும் பையன் ஒருவன் கடைசி இருபது நிமிஷம் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிவை நான் சொல்ல மாட்டேன்.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) தனி ரகம். அங்கே நடிப்பு பெரிதாக இருப்பது கதைக்கே பொருந்தும். மேடைக் கலைஞர்களின் கர்வம்தான் கதை. சிவாஜியின் கையில் நாயனம், ஊதியது எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நல்ல ஸ்பீக்கர் இருக்கும் வீட்டில் பாருங்கள்.

அம்மா அப்பாவோடு வெளிநாட்டுப் படம் எப்படிப் பார்ப்பது? அவர்களுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் படிக்க வராதே.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கும் பெரியவர்கள் இதனாலேயே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

எங்கள் அம்மா திருப்பத்தூரிலிருந்து வந்தவர். ஜப்பானிய இயக்குநர் ஓஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யை (1953) போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து, காதுக்கருகில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். வரிக்கு வரி மொழிபெயர்த்தால் தோற்றுப்போவீர்கள். யார் யாருக்கு என்ன உறவு என்பதை முதல் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுங்கள். அப்புறம் நாலு வசனத்துக்கு ஒரு வாக்கியம் போதும். முகம் பேசும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்தப் படத்துக்கு இது இன்னும் எளிது. கேமரா பெரும்பாலும் பாயில் உட்கார்ந்திருப்பவர் கண்ணின் உயரத்தில், அசையாமல் இருக்கிறது. தரையில் சம்மணம் போட்டுப் பார்க்கிறவருக்கு அந்த வீட்டுக்குள்ளேயே இருப்பது போலத்தான் தோன்றும்.

கதை இதுதான். வயசான தம்பதி, நகரத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ரயிலேறி வருகிறார்கள். மூத்த மகன் டாக்டர், அவசரக் கேஸ் வந்துவிடுகிறது. மகள் பியூட்டி பார்லர் நடத்துகிறாள், நேரமில்லை. போரில் இறந்த மகனின் மனைவி மட்டும் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு மாமனார் மாமியாரைப் பஸ்ஸில் ஊர் சுற்றிக் காட்டுகிறாள். பாட்டி சின்னப் பேரனைக் கூட்டிக்கொண்டு மேட்டில் நிற்கும் காட்சி ஒன்று வரும். பெரியவனானதும் என்னவாகப் போகிறாய், நீ டாக்டராகும்போது நான் இருப்பேனா என்று கேட்கிறாள். பேரன் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். அதை நான் சொல்லி முடித்ததும் அம்மா, “நாம்ப இங்க வந்தன்னிக்கு உம்பையன்கிட்ட நான் கேட்டது தானேடா இது” என்றார். எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கு இருந்தது.

அன்று நான் அம்மாவுக்குப் படம் காட்டியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில் என்ன நடக்கிறது என்று அம்மாதான் எனக்குக் காட்டினார். மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அவரை லால்பாக் கூட்டிப்போனேன்.

ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்பது தொந்தரவு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. பேச்சே ஏறக்குறைய இல்லாத படமாகப் போடுங்கள். சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ (1931), ‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) இரண்டும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். நடுவில் வரும் எழுத்து அட்டைகள் கொஞ்சம்தான், அவற்றை மட்டும் படித்துச் சொன்னால் போதும்.

தூக்கம் வருகிறது. மெதுவாகப் போகிறதே?

வந்தால் தூங்குங்கள், எழுந்து மீண்டும் பாருங்கள். எங்கள் ஹாலில் யாரும் யாரையும் எழுப்புவதில்லை. ஆனால் ஒன்று: போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டுப் பார்த்தவர்கள் ‘மெது’ என்று குறைவாகத்தான் சொல்கிறார்கள். முதல் இருபது நிமிஷம் பொறுக்க வேண்டும். ஊருக்குப் போன முதல் நாள் நேரமே நகராதது போல இருக்கும், மூன்றாம் நாள் கிளம்ப மனசு வராது. அப்படித்தான்.

மூன்றரை மணி நேரப் படத்தை எப்படிச் சமாளிப்பது?

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) 207 நிமிஷம். நீளத்தைப் பார்த்தே எல்லோரும் ஒதுங்குகிறார்கள். கதை நமக்கு அந்நியமானதே இல்லை. அறுப்பு முடிந்ததும் கொள்ளைக்காரர்கள் வருவார்கள், ஊர்க்காரர்களிடம் காசில்லை, சோற்றைக் கூலியாகக் கொடுத்துக் காவலுக்கு ஆள் தேடுகிறார்கள். இயக்குநரே இடைவேளை வைத்திருக்கிறார். அங்கே நிறுத்தி டீ போடுங்கள், வேண்டுமானால் மீதியை மறுநாள் பாருங்கள். இருபது இருபது நிமிஷமாக ஒரு வாரம் இழுப்பதை மட்டும் செய்யாதீர்கள். கடைசியில் மழையில் நடக்கும் சண்டையில், எந்த விவசாயி எங்கே நிற்கிறான் என்பது உங்களுக்கு நினைவில் இருக்க வேண்டும்.

டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறதே, முழுத் திரைக்கு இழுக்கலாமா?

தயவுசெய்து இழுக்காதீர்கள். 1950-களின் நடுப்பகுதி வரை வந்த படங்கள் ஏறக்குறைய நாலுக்கு மூன்று என்ற கணக்கில் எடுக்கப்பட்டவை. இன்றைய டிவி பதினாறுக்கு ஒன்பது. அகலத்தை நிரப்பினால் ஒன்று முகங்கள் எல்லாம் சப்பையாகும், இல்லையென்றால் மேலும் கீழுமாகப் படத்தில் கால் பங்கு வெட்டுப்படும். பரதநாட்டியத்தில் பாதம் போய்விடும்.

இன்னொன்று. புது டிவிகளில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். நொடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்) எடுத்த படத்துக்கு நடுவில் டிவியே கற்பனையாகச் சட்டங்களைச் சேர்த்துவிடுகிறது. அதனால்தான் நல்ல படம்கூட மெகா சீரியல் போலத் தெரிகிறது. செட்டிங்ஸில் போய் அதை அணைத்துவிடுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போட்டாலே போதும்.

யூடியூபில் இருப்பது முழுப்படம்தானா என்று எப்படித் தெரியும்?

எனக்குப் பிடித்த கேள்வி. பழைய தமிழ்ப் படங்கள் பலவற்றை உரிமை வைத்திருப்பவர்களே ஏற்றியிருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் பாட்டு வெட்டியது, ரீல் விட்டுப்போனது எல்லாம் உண்டு. படம் தொடங்குமுன் வரும் சென்சார் சான்றிதழை நிறுத்திப் பாருங்கள். நீளம் மீட்டரிலோ அடியிலோ எழுதியிருக்கும். 35 மி.மீ. ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி, அதாவது 27.4 மீட்டர் ஓடும். 4000 மீட்டர் என்றிருந்தால் சுமார் 146 நிமிஷம். 15,000 அடி என்றால் ஏறக்குறைய 167 நிமிஷம். உங்கள் திரையில் காட்டும் நேரம் அதைவிட இருபது நிமிஷம் குறைந்தால் வேறு பிரதி தேடுங்கள்.

கலர் ஏற்றிய பதிப்பு பார்க்கலாமா?

வீட்டில் சண்டை வராமல் இருக்க வேண்டும் என்றால் பாருங்கள். கறுப்பு வெள்ளைக்கென்றே போட்ட விளக்கு அது. நான் மூலத்தையே போடுவேன்.

பிள்ளைகள் உட்காருவார்களா?

நம்மைவிட நன்றாகவே உட்காருவார்கள். இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) 89 நிமிஷம்தான். போஸ்டர் ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் கட்டாயம், அது திருட்டுப் போகிறது, அப்பாவும் பையனும் ரோம் நகரம் முழுக்கத் தேடுகிறார்கள். அப்பாவாக நடித்தவர் நிஜத்தில் ஃபேக்டரித் தொழிலாளி. படம் முடிந்ததும் எங்கள் பக்கத்து வீட்டு எட்டு வயதுப் பெண், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் லிஃப்டுக்குப் போனாள்.

கன்னடப் படங்கள்?

இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இதைக் கேட்காமல் இருக்கிறோமே என்பதுதான் என் வருத்தம். கடைக்காரரிடம் பேசும் அளவுக்குக் கன்னடம் நமக்கு வரும், மீதிக்குச் சப்டைட்டில் இருக்கிறது. யு.ஆர். அனந்தமூர்த்தி நாவலை வைத்து எடுத்த ‘சம்ஸ்காரா’ (1970), கிரீஷ் காசரவள்ளியின் ‘கடஸ்ராத்தா’ (1977) இரண்டுமே அந்தந்த ஆண்டின் சிறந்த இந்தியப் படத்துக்கான தேசிய விருது பெற்றவை. முதல் படத்துக்குச் சென்னையில் இருந்த சென்சார் போர்டு முதலில் தடை போட்டது. இரண்டாவது, ஒரு இளம் விதவையின் கதி, வேதம் படிக்க வந்த சிறுவனின் கண் வழியாக. 2024-இல் அதைச் சீரமைத்து வெனிஸ் விழாவில் காட்டினார்கள். பாலு மகேந்திரா இயக்கிய முதல் படமே கன்னடம்தான், ‘கோகிலா’ (1977).

வீட்டைத் தாண்டி, பெங்களூரில் எங்கே பார்க்கலாம்?

பனசங்கரியில் சுசித்ரா ஃபிலிம் சொசைட்டி 1971 முதல் இருக்கிறது. வசந்த நகர் அலையன்ஸ் ஃபிரான்சேயிலும் இந்திரா நகர் மாக்ஸ் முல்லர் பவனிலும் படங்கள் போடுவார்கள். வருஷா வருஷம் பெங்களூர் சர்வதேசத் திரைப்பட விழாவும் உண்டு. ‘ஷோலே’யை (1975) டிவியில் விட்டு விட்டுப் பார்த்தவர்கள், ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் மைசூர் ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் போய் ராமநகரத்துப் பாறைகளைப் பாருங்கள். அந்தப் படத்தின் வில்லன் கப்பர் சிங் உட்கார்ந்திருந்த இடம் நம் பக்கத்தில்தான்.

என்ன அவசரம்? படம் எங்கே ஓடிப்போகப் போகிறது?

ஓடிப்போகும். 1931-இல் வந்த ‘காளிதாஸ்’, முதல் தமிழ்ப் பேசும் படம். இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. டி.பி. ராஜலக்ஷ்மி அதில் எப்படிப் பேசினார், எப்படிப் பாடினார் என்று இனி யாரும் பார்க்க முடியாது. 1950-களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும். புனேயில் 1964-இல் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்குவதற்கு முன்பே நம் பழைய படங்களில் பெரும்பகுதி போய்விட்டது. 2003-இல் புனேயிலேயே ஒரு தீ விபத்து. ‘பதேர் பாஞ்சாலி’யின் நெகட்டிவே 1993-இல் லண்டன் லேபில் எரிந்தது. கருகி ஒட்டிக்கொண்ட சுருள்களை இருபது வருஷம் கழித்து வேதிக் கரைசலில் ஊறவைத்து, சட்டம் சட்டமாகப் பிரித்து, தேறாத இடங்களுக்கு வேறு பிரதிகளிலிருந்து எடுத்து 2015-இல் மீட்டார்கள். அந்த மிட்டாய்க்காரரும் நாயும் குளமும் நம்மிடம் இருப்பது அப்படி உட்கார்ந்து வேலை பார்த்தவர்களால்தான்.

பார்த்தேன், பிடிக்கவில்லை. என்ன செய்வது?

பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். எங்கள் ஹாலில் அதற்குத் தடையில்லை, ஏன் என்று மட்டும் கேட்போம். எனக்கு ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ (1968) இரண்டு தடவை பார்த்தும் ஒட்டவில்லை. பெரிய தியேட்டரில் எங்காவது போட்டால் மூன்றாம் தடவை போவேன்.

அடுத்து என்ன படம்?

‘வீடு’. பாலு மகேந்திரா, 1988. வேலைக்குப் போகும் ஒரு பெண் சென்னையில் சொந்தமாகச் சின்ன வீடு கட்டப் புறப்படுகிறாள். அர்ச்சனா, தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர். சைட் வாங்கியவர்கள், லோன் கட்டுகிறவர்கள், ஓசூரில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் மூன்றாவது மாடி அண்ணன், எல்லோரும் வாருங்கள். அந்தத் தாத்தா, பாதி எழும்பிய கட்டடத்தைப் பார்க்கக் குடையோடு வரும்போது ஹாலில் யாரும் பேசக்கூடாது என்பது மட்டும்தான் என் வேண்டுகோள். இடைவேளையில் மசால்வடை, சுக்குக் காப்பி. பெரியவர்களுக்கு நாற்காலி போட்டிருக்கும், மற்றவர்களுக்குப் பாய். கதையைத் தேடிப் படித்துவிட்டு வராதீர்கள்.